யாழை மீட்ட ஆசிரியர்: சுவாமி விபுலாநந்த அடிகளாரும் எமது பண்ணிசை வகுப்பும்

வருடந்தோறும் வைகாசித் திருக்குளிர்த்திச் சடங்கை ஒட்டி வெளிவரும் எமது ஆலய மலரில், ஒரு பெரியாரின் வரலாற்றை எழுதும் பொறுப்பு அடியேனிடம் விடப்படுவது வழக்கமாகிவிட்டது. இம்முறை நான் எடுத்துக்கொண்டவர் யாவரும் அறிந்த சுவாமி விபுலாநந்த அடிகளார். துறவி, பேராசிரியர், கவிஞர், பாடசாலைகளை வளர்த்தவர் எனப் பலரும் அவரைப் பற்றிப் பலவாறு எழுதியிருக்கிறார்கள். நான் எழுத முன்வந்ததற்குக் காரணம் ஒரு சிறுமி கேட்ட கேள்வி.

சில வருடங்களுக்கு முன் எமது அறநெறிப் பாடசாலையில் பண்ணிசைப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்தோம். திருஞானசம்பந்த சுவாமிகள் திருகோணமலை மீது பாடியருளிய பதிகம் கொடுக்கப்பட்டிருந்தது. ஏட்டின் தலைப்பில் பண் புறநீர்மை என்று அச்சிட்டிருந்தது. எட்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளையொருத்தி, புறநீர்மை என்றால் என்ன என்று கேட்டாள். வகுப்பைப் பார்வையிட நின்ற எனக்கு விடை தெரியவில்லை. அந்த வரியை விட்டுவிட்டுப் பாட்டைப் பாடமாக்கும்படி சொல்லிவிட்டேன். அவள் பாடமாக்கினாள், பரிசும் பெற்றாள். அடுத்த வருடம் வகுப்புக்கு வரவில்லை. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனாலும் என் மனம் ஆறவில்லை. பண்களின் பெயருக்குப் பொருள் தேடித் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்ட ஒருவர் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு, அந்தப் பெயரைப் பாராதே என்று ஒரு பிள்ளைக்குச் சொன்னவன் நான். அந்தக் கடனை ஓரளவேனும் தீர்க்கவே இக்கட்டுரை.

அடிகளார் 1892ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இன்று அம்பாறை மாவட்டத்தில் அடங்கும் காரைதீவில், சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்குப் புதல்வராகப் பிறந்தார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனம். காரைதீவு கண்ணகி அம்மன் வீற்றிருக்கும் ஊர். வைகாசி மாதத்தில் கதவு திறந்து, வழக்குரை படித்து, குளிர்த்தி பாடும் ஊர். கண்ணகியின் கதை அங்கே ஏட்டில் மட்டும் இருப்பதன்று, காதில் விழுவது. அதே 1892ஆம் ஆண்டில்தான் தமிழகத்தில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சிட்டு வெளியிட்டார். பிற்காலத்தில் அந்த நூலின் அரங்கேற்று காதையே அடிகளாரின் ஆராய்ச்சிக்கு அடித்தளமாயிற்று. குழந்தை பிறந்த ஆண்டிலேயே அவருக்குரிய நூலும் அச்சேறியதை அம்பாளின் திருவருள் என்றே அடியேன் கொள்கிறேன்.

கல்முனையிலும், பின் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்ற மயில்வாகனம், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியெய்தி இளவயதிலேயே ஆசிரியரானார். பின்னர் கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அங்கேயே தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று டிப்ளோமா பெற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். இலங்கையிலிருந்து அத்தேர்வில் முதன்முதல் தேறியவர் அவர். 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியாகி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பொறுப்பை ஏற்றார்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இசை ஆராய்ச்சிக்குப் புகுமுன் அடிகளார் ஒரு விஞ்ஞான ஆசிரியர். பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு விதியைச் சொன்னால் அதைச் செய்து காட்டவும் வேண்டும். இழுத்துக் கட்டிய ஒரு தந்தியைச் சரிபாதியில் அழுத்தி மீட்டினால் அதே சுரம் மேல் தாயியில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்கை ஒலிக்கவிட்டால் பஞ்சமம் கேட்கும். பழந்தமிழர் அதை இளி என்றார்கள். இதற்கு நம்பிக்கை வேண்டியதில்லை, காது போதும். இந்தப் பழக்கத்தை அடிகளார் காவி உடுத்த பின்பும் கைவிடவில்லை.

1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து பிரபோத சைதன்யர் என்னும் பெயரோடு பிரமசரிய நிலையில் இருந்தார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று விபுலாநந்தர் ஆனார். 1925இல் இலங்கைக்குத் திரும்பி, கிழக்கிலும் யாழ்ப்பாணத்திலும் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை நிருவகிக்கும் பொறுப்பை ஏற்றார். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் 1929இல் அவருடைய முயற்சியால் எழுந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் கொடுத்துப் படிப்பிப்பதை இறைபணியாகவே செய்தார்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. 1933 வரை அங்கே பணியாற்றினார். பகலில் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர், மாலை வேளைகளில் அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று, பள்ளிக்கூடம் காணாத பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பேராசிரியர் பதவியும் அரிச்சுவடியும் அவருக்கு இருவேறு வேலைகளாகத் தோன்றவில்லை. அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணியிலும் 1930களில் முன்னின்று உழைத்தார். ஆராய்ச்சியில் கண்டதைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் சொல்ல முடியவேண்டும் என்பதே அப்பணியின் நோக்கம்.

இக்காலத்தையொட்டித்தான் யாழ் அவரைப் பற்றிக்கொண்டது. யாழ் என்பது வீணையன்று. வீணையில் ஒரே தந்தியில் மெட்டுகளை அழுத்திப் பல சுரங்களை எழுப்புகிறோம். யாழில் ஒரு சுரத்துக்கு ஒரு நரம்பு. வில்லைப் போல் வளைந்த தண்டில் நரம்புகளை வரிசையாகக் கட்டியிருப்பார்கள். பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரைகள் கூறுகின்றன. சம்பந்தப் பெருமானோடு தலந்தோறும் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரின் கையில் இருந்ததும் யாழே. யாழ்ப்பாணம் என்னும் பெயருக்கும் யாழ் வாசித்துப் பரிசாக நிலம் பெற்ற பாணன் ஒருவனின் கதையையே சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கருவி வழக்கொழிந்துவிட்டது. அதை வாசிப்பவரும் இல்லை, செய்பவரும் இல்லை. கருவி போகவே, அதன் நரம்புகளில் நின்ற பண்களின் இலக்கணமும் புரியாத பாடமாயிற்று. பண்கள் 103 என்பது மரபு. அவற்றில் ஒரு பகுதியே தேவாரத்தில் வழங்குகிறது.

அடிகளாருக்கு முன்பும் இத்துறையில் உழைத்தவர்கள் உண்டு. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். அடிகளார் தமக்கே உரிய வழியில் சென்றார். சிலப்பதிகார அடிகளையும் உரைகளையும் ஒரு பக்கத்திலும், கணிதத்தை மறுபக்கத்திலும் வைத்துக்கொண்டார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன பழந்தமிழர் கண்ட ஏழு சுரங்கள். அவற்றுக்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகு வகுத்திருக்கிறார்கள். கூட்டினால் 22 வரும். இந்த அலகுகளை அதிர்வெண் கணக்காக மாற்றி, ஒவ்வொரு நரம்பும் எந்தச் சுரத்தில் நிற்கும் என்று கணித்தார். எண்ணும் இசையும் என்ற பெயரில் அவர் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். தலைப்பைப் பார்த்தாலே எழுதியவர் கணக்கு வாத்தியார் என்று தெரிந்துவிடும்.

இடையிலே 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலில் மாயாவதி ஆச்சிரமத்தில் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். இத்தனை பணிகளுக்கும் நடுவே ஏறத்தாழ 14 ஆண்டுகள் அந்த ஆராய்ச்சி நடந்தது. அதன் பயனே யாழ்நூல். பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்கள் கொண்டது. தேவாரத்துக்கென்று ஓர் இயலையே ஒதுக்கியிருப்பதை ஆலய மலர் படிக்கும் அடியார்கள் நினைவில் இருத்த வேண்டும்.

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் அந்நூலை வெளியிட்டனர். 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம், 6ஆம் திகதிகளில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அது அரங்கேறியது. வெள்ளம் பெருகிய ஆற்றில் ஓடக்காரர் இல்லாமலே சம்பந்தப் பெருமானின் பதிகத்துக்கு ஓடம் கரைசேர்ந்த தலம் அது. அங்கே அடிகளார் நூலை மட்டும் வைக்கவில்லை. தமது கணக்குப்படி செய்வித்த யாழ்க் கருவிகளையும் அவையில் வைத்தார். வீணை வித்துவான் க. பொ. சிவானந்தம்பிள்ளை அவற்றை மீட்டி இசைத்துக் காட்டினார். பல நூற்றாண்டுகளாக ஏட்டில் உறங்கிய கருவி சந்நிதியிலே பேசிற்று. எழுதினால் போதாது, சபையின் காது கேட்கவேண்டும் என்று நினைத்த விஞ்ஞான ஆசிரியர் அங்கும் நின்றார்.

ஆனால் காலம் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. அரங்கேற்றம் முடிந்து ஆறே வாரத்தில், 19.07.1947 அன்று அடிகளார் கொழும்பில் இறைபதம் அடைந்தார். அப்போது அவருக்கு வயது 55. கல்லடியில், தாம் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவிலே அவருடைய சமாதி அமைந்தது.

இங்கேதான் நான் சொல்லவந்த விடயத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சி ஒரு வேலை. அதைப் பிள்ளைக்குப் பாடமாக்குவது இன்னொரு வேலை. அடிகளார் இரண்டையும் செய்யக்கூடியவர். திருவேட்களத்தில் அரிச்சுவடி பிடித்த கை அது. இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால், யாழ்நூலை இசை பயிலும் பிள்ளைகளுக்கான சிறு பாடநூல்களாக அவரே பிரித்துத் தந்திருப்பார் என்று நம்புகிறேன். அவ்வாறு நடக்கவில்லை. அறிஞர்கள் யாழ்நூலை ஆராய்ந்தார்கள், மாநாடுகளில் விவாதித்தார்கள். சென்னைத் தமிழிசைச் சங்கம் 1949 முதல் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களை நடத்தியது. மட்டக்களப்பில் 1982இல் அடிகளாரின் பெயரால் இசை நடனக் கல்லூரி தொடங்கப்பட்டு, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்தது. இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆயினும் கிராமத்துக் கோயிலில் பாயில் இருந்து தேவாரம் படிக்கும் பிள்ளைக்கும் அந்த நூலுக்கும் இடையிலே ஆறு ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஓடத்தைச் செலுத்த ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார்? ஆராய்ச்சியாளர் அல்லர், என்னைப் போன்ற வண்ணக்கரும் அல்லர். வகுப்பிலே நிற்கும் ஆசிரியரே. இதை நான் அனுபவத்தில் கண்டேன். அந்தச் சிறுமியின் கேள்வி மனத்தை அரித்தபடியால், நூலகத்தில் யாழ்நூலை எடுத்து வந்து படிக்க முயன்றேன். அரசாங்கச் சுற்றறிக்கைகளை 34 வருடம் படித்துப் பழகிய இலிகிதன் நான். எந்தக் கடினமான எழுத்தும் இரண்டாம் முறை படித்தால் விளங்கும் என்பது என் எண்ணம். பாலைத்திரிபியலை நான்கு முறை படித்தும் விளங்கவில்லை. கடைசியில் எமது ஊரில் இளைப்பாறி இருக்கும் சங்கீத ரீச்சரிடம் நூலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு கிழமை வைத்திருந்து படித்தார். பிறகு கோயில் ஆர்மோனியத்தை எடுத்து வரச்சொன்னார்.

அவர் செய்து காட்டியது இதுதான். கறுப்புக் கட்டைகள் எதையும் தொடாமல், வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தார். ஐந்தாம் கட்டையைச் சட்சமாகக் கொண்டு தொடங்கினால் அரிகாம்போதி வருகிறது. அதையே அடிகளார் செம்பாலை என்று கொண்டார். அதே கட்டைகளை ஆறிலிருந்து தொடங்கினால் படுமலைப்பாலை, அது நடபைரவி. ஒன்றிலிருந்து தொடங்கினால் அரும்பாலையாகிய சங்கராபரணம். இரண்டிலிருந்து கோடிப்பாலையாகிய கரகரப்பிரியா. மூன்றிலிருந்து விளரிப்பாலையாகிய தோடி. நான்கிலிருந்து மேற்செம்பாலையாகிய கல்யாணி. ஏழிலிருந்து தொடங்குவது செவ்வழிப்பாலை. அதில் பஞ்சமம் தன் இடத்தில் நில்லாது. கட்டைகள் மாறவில்லை. தொடங்கும் இடம் மட்டும் மாறியது. ஏழு பாலையும் பிறந்துவிட்டன. பாலைத்திரிபு என்பதன் பொருள் இதுவே. நான்கு முறை படித்தும் எனக்கு எட்டாதது நான்கு நிமிடத்தில் காதுக்கு எட்டியது. சுருதி நுட்பத்துக்கு ஆர்மோனியம் ஏற்ற கருவியன்று என்பதையும் ரீச்சர் மறக்காமல் சொன்னார். வாசலைத் திறக்க அது போதும் என்றார்.

பின்னர் பிள்ளைகளுக்கும் அவ்வாறே காட்டினார். அவரிடம் இன்னொன்றும் கற்றேன். நான் என்றால் முதலில் பெயர்களை எழுதிப் பாடமாக்கச் சொல்லியிருப்பேன். அவர் பெயரே சொல்லவில்லை. முதல் மூன்று கிழமையும் கேட்கவிட்டார், பாடவிட்டார், எது எதனின்று வேறுபடுகிறது என்று பிள்ளைகளைக் கொண்டே சொல்லுவித்தார். வேறுபாடு காதில் பதிந்த பின்புதான் பெயரைக் கொடுத்தார். எது முதலில் வரவேண்டும், எது பின்னர் என்பது யாழ்நூலில் இல்லை. அது வகுப்பறையிலிருந்து கிடைக்கும் அறிவு. ஆராய்ச்சி வகுப்புக்குக் கொடுக்கவேண்டியது உண்டு. வகுப்பு ஆராய்ச்சிக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டியதும் உண்டு.

புறநீர்மைக்கும் விடை கிடைத்தது. அது தேவாரப் பண்களில் ஒன்று. ஓதுவார் மரபில் இன்று அதைப் பூபாள இராகத்தில் பாடுகிறார்கள். சம்பந்தர் சீர்காழியில் முதன்முதல் பாடியருளிய பதிகத்தின் பண்ணாகிய நட்டபாடையைக் கம்பீரநாட்டையில் பாடுவதும் அவ்வாறே. ஓதுவார்கள் வழிவழியாகக் காத்து வந்த பண்முறையும், அறிஞர்கள் கணக்கிட்டு நிறுவும் பழைய பண்முறையும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. அதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை என்பது ரீச்சரின் முடிவு. ஓதுவார் வழியிலேயே பாடக் கற்பிக்கிறார். அதற்கு அப்பாலும் தேடவேண்டியது இருக்கிறது என்று சொல்லி வைக்கிறார். தேடுவதற்கு இடம் இருக்கிறது என்று அறிந்த பிள்ளைதான் நாளைக்கு இன்னொரு விபுலாநந்தராக வரும்.

பண்ணிசைப் போட்டிகளை நான் குறை கூறவில்லை. புள்ளித்தாள் தயாரித்தவனே நான்தான். உச்சரிப்பு, மனனம், இராகம், தாளம் என்று கோடு போட்டுப் பிரித்திருந்தேன். விளக்கம் என்றொரு கட்டம் அதில் இருக்கவில்லை. கேள்வி கேட்ட பிள்ளைக்குப் புள்ளி கொடுக்க இடமே இல்லாத தாள் அது.

இவ்வருடம் பரிபாலன சபைக் கூட்டத்தில் அடியேன் ஒரு பிரேரணையை முன்வைத்தேன். கேடயங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை எடுத்து, பண்ணிசை வகுப்பை வருடம் முழுவதும் நடத்தும் ஆசிரியருக்கு வேதனமாகக் கொடுக்கவேண்டும் என்பது அது. கேடயம் இல்லாவிட்டால் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று சிலர் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையும் நியாயமானதே. நீண்ட நேரம் பேசி, ஒரு வருடம் செய்து பார்ப்பதென்று தீர்மானித்திருக்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் பூசை முடிந்த பின் வகுப்பு நடைபெறும். பெற்றோர்கள் பிள்ளைகளை அனுப்பி வைக்க வேண்டும். பிள்ளைகள் கேள்வி கேட்டால் ஏசவேண்டாம்.

பழைய மாணவியாகிய அந்தப் பிள்ளை இப்போது உயர்தர வகுப்பில் படிக்கிறாள். சென்ற மாதம் கோயில் வாசலில் கண்டபோது, புறநீர்மைக்குரிய விடையை அவளிடம் சொன்னேன். சிரித்தாள். வெள்ளிக்கிழமை தங்கையைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். வந்தாள். தங்கையை இருத்திவிட்டுத் தானும் பின்வரிசையில் இருந்தாள்.

கண்ணகித் தாயின் கதை கேட்டு வளர்ந்து, அவள் காப்பியத்தில் மறைந்திருந்த யாழை மீட்டுத் தந்த அடிகளாரின் பணி, எமது பிள்ளைகளின் குரலிலே தொடர அம்பாளின் திருவருளை வேண்டி அமைகிறேன்.

சுபம்.

ஆலய வண்ணக்கர்களுள் ஒருவர்
(இளைப்பாறிய அரசாங்க இலிகிதர்)